அக்காவோடு வீட்டைக் கழுவிய ஒன்பது நாட்கள்

1

போன வாரம் வீட்டு ஏஜென்சியிலிருந்து மின்னஞ்சலில் ஒரு பட்டியல் வந்தது. பதினோரு வருடமாக வாடகைக்கு இருக்கும் இந்த அடிலெய்ட் வீட்டை அடுத்த மாதம் காலி செய்கிறோம். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். சன்னல் நகரும் பள்ளத்தில் தூசி இருக்கக் கூடாது. மின்விசிறி இறக்கையின் மேல்பக்கம் துடைத்திருக்க வேண்டும். கதவின் மேல்விளிம்பையும் விடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம், டிக் போடுவதற்கு.

ஒரு சந்தேகம் கேட்பதற்காக போன் செய்தேன். எடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "கவலைப்படாதே, வீடு முழுவதையும் கழுவி விட்டுத்தான் போவேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.  அவள் பதறிப்போய், "தயவுசெய்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், தரை முழுக்க மரம்" என்றாள். இத்தனை வருடம் ஆகியும் என் ஆங்கிலத்துக்குள் நாகர்கோவில் கிணற்றடிதான் இருக்கிறது. எங்களுக்கு வீட்டைக் கழுவுவது என்றால் பத்து வாளி தண்ணீரை இறைத்துத் தரையில் கொட்டி, வாரியல் என்று நாங்கள் சொல்லும் ஈர்க்குத் துடைப்பத்தால் தள்ளித் தள்ளி, புறவாசல் வழியாக வெளியே விடுவதுதான்.

"சவத்த விடு. ஆளு வெச்சா ஒரு நாள்ல முடிச்சிட்டுப் போயிருவான்" என்றார் என் கணவர் ஸ்டான்லி. நான் கேட்கவில்லை. நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஓர் அறையைக் காலி செய்வது என் வேலையில் ஒரு பகுதி. அங்கே யாராவது இறந்துபோனால், குடும்பத்துக்குச் சில நாள் தவணை கொடுப்போம். வராத குடும்பங்களும் உண்டு. அப்போது நாங்களே துணிகளை மடித்து, போட்டோக்களைச் சுவரிலிருந்து எடுத்து, அட்டைப்பெட்டியில் வைத்து, கட்டிலைத் துடைத்து, வரப்போகிறவருக்கு அறையைத் தயார் செய்வோம். அப்படி எத்தனை அறைகளைத் துடைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. எங்கேயும் கை நின்றதில்லை. போன வருடம் ஊரில் ஓர் அறையைக் காலி செய்யப் போனபோதுதான் நின்றது.

2

எங்கள் வீடு வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரம். அப்பா அருமனைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். நாகர்கோவிலுக்கு மாற்றலாகி வந்தபோது கட்டியது. முன்பக்கம் கான்கிரீட், பின்பக்கம் ஓடு. புறவாசலில் கிணறு, கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு சக்கை மரம், பலாதான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி ஓடும் காற்று அந்த மரத்தைப் போட்டு உலுக்கும். இங்கே குளிர்காலத்தில் சன்னல் சீட்டியடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கும்.

டெய்சி அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு முறை பேச்சு வந்து, இரண்டு முறையும் ஏதேதோ காரணத்தால் நின்றுபோனது. நான் இருபத்தாறு வயதில் மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனேன். அங்கிருந்து கல்யாணம், குழந்தை, ஆஸ்திரேலியா. அப்பா இறந்தபோது வந்து நான்கு நாள் இருந்தேன். அதற்குப் பிறகு அம்மை பக்கவாதத்தில் விழுந்தாள். ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்தாள். ஒன்பது வருடமும் அக்காதான் பார்த்தாள். நான் மூன்று வருடத்துக்கு ஒரு முறை இரண்டு வாரம் போய், அம்மைக்குத் தலை வாரிவிட்டு, அழுதுவிட்டு வந்தேன்.

அம்மை போய் ஆறு மாதத்தில் அக்கா போனில் சொன்னாள். "வீட்டக் குடுத்துருவோம்டீ. ஆளு வந்திருக்கு. நல்ல மனுசங்களாக்கும்."

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால் என் கையெழுத்து வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். நான் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். போட்டோ அளவு சரியில்லை என்றேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, பத்திரத்தில் இனிஷியல் மட்டும் இருக்கிறது என்றேன். எல்லாம் உண்மைதான். ஆனால் மனம் வைத்திருந்தால் ஒரு வாரத்தில் முடிகிற விஷயம்.

மூன்றாவது மாதம் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏட்டி, ஒனக்கு இஷ்டம் இல்லேன்னா அத வாயத் தொறந்து சொல்லு. போட்டோ சைசு, இனிஷியலுன்னு எனக்கிட்ட கத விடாத. முப்பத்தஞ்சு வருசம் பிள்ளியளுக்க வாயில கேட்ட கதையாக்கும் இதெல்லாம்."

"அது நம்ம வீடுக்கா. நமக்குன்னு ஊர்ல வேற என்ன இருக்கு?"

"நீ வந்து இருக்கியா இஞ்ச?"

என் பதிலுக்குக் காத்திருக்காமல் அக்காவே சொன்னாள். "அப்போ பேசாத."

நேரில் வந்து கையெழுத்துப் போடுகிறேன், வீட்டைச் சுத்தம் செய்யவும் உதவுகிறேன் என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். உண்மையில் நான் போனது அவள் மனதை மாற்ற. வீட்டில் இரண்டு நாள் என்னோடு இருந்தால், பழைய பேச்செல்லாம் பேசினால், இளகிவிடுவாள் என்று நினைத்தேன்.

3

நான் போய் இறங்கிய காலையில் அக்கா சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏணியில் நின்று ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். அறுபத்தொரு வயது. முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவள்.

"எறங்குக்கா, நான் அடிக்கேன்."

"நீ முதல்ல தேயில குடி. ரசவடை வாங்கி வெச்சிருக்கேன். பெறவு அடுக்களைக்குப் போ. அங்க அம்பது வருசத்துக் கரி இருக்கு."

அன்று மாலை வீட்டை வாங்குகிறவர்கள் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு உமா என்று பெயர். தாழக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கணவர் துபாயில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள். உமா எங்கள் கோலத்தைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"அக்கா, நீங்க எதுக்கு இவ்வளவு கஷ்டப்படுதியோ? நாங்க எப்படியும் வெள்ளையடிப்போம். அப்போ எல்லாம் போயிரும்லா."

"நீங்க வெள்ளையடிக்கது ஒங்க இஷ்டம். அழுக்கோட வீட்டக் கையில தந்துட்டுப் போவ முடியுமா?" என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "சுவத்துல பைபிள் வசன காலண்டர் மாட்டுன ஆணியெல்லாம் பிடுங்கியாச்சு. ஓட்டைய மட்டும் வெள்ள சிமென்ட் வெச்சு அடைக்கணும். சாமி படம் மாட்டணும்னா அவங்க அவங்களுக்கு வேண்டிய எடத்துல அடிச்சிக்கிடுவாங்க."

பால் காய்ச்ச எந்த நாள் பார்த்திருக்கிறீர்கள் என்று உமாவிடம் கேட்டாள். உமா சொன்னதும், அதற்கு முந்தின நாள் அடுப்படி முழுவதும் காய்ந்து இருக்கும்படி கழுவிவிடுவதாக வாக்குக் கொடுத்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. யாரோ ஒருவர் பால் காய்ச்சப் போகும் அடுப்புக்கு இவள் ஏன் இப்படி உருகுகிறாள் என்று.

4

முதல் நான்கு நாள் அடுக்களையும் கிணற்றடியும். புகைக்கூண்டுக்குள் கையை விட்டால் கரி, தோள் வரைக்கும். தேங்காய் நாரில் சாம்பல் தொட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அடியிலிருந்து மஞ்சள் நிறம் வந்தது. அப்பா முதன்முதலில் அடித்த மஞ்சள். சின்ன வயதில் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வீடு முழுவதும் சுண்ணாம்பு அடிப்போம். அக்கா வாளி பிடிப்பாள், நான் கீழே சிந்தியதைத் துடைக்கிறேன் என்று காலால் இழுத்துவைத்து அடி வாங்குவேன். அச்சப்பம் சுடும் எண்ணெய் மணமும் சுண்ணாம்பு மணமும் சேர்ந்து வீடே ஒரு மாதிரி மணக்கும். இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். ஆனால் கை நிற்கவில்லை.

"ஞாபகம் இருக்கா, சக்கை மரத்துல நான் ஏறி இறங்கத் தெரியாம இருந்தது?"

"இருக்கு. அந்த மரத்துக்க சருகு முழுக்க நானாக்கும் முப்பது வருசமா தூத்துவாருதேன். அதுவும் ஞாபகம் இருக்கு."

இப்படித்தான். நான் ஒரு நினைவை எடுத்து நீட்டினால் அவள் அதற்குப் பின்னால் இருக்கும் வேலையைச் சொல்வாள். ஐந்தாம் நாள் நான் வாய்விட்டே சொன்னேன். "ஒனக்கு இந்த வீட்டு மேல பாசமே இல்லியாக்கா?"

அவள் ஈயச்செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை. "நாளைக்கு ஒனக்க அறைய ஒதுக்கணும். சாவி அலமாரி மேல இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

5

என் அறை என்றால், நான் மஸ்கட் போகும் வரை படுத்திருந்த அறை. வீட்டிலேயே நல்ல அறை அதுதான். சக்கை மரத்தைப் பார்த்த பெரிய சன்னல். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் அது அப்படியே இருக்கும். என் நர்சிங் புத்தகங்கள், தாவணிகள், ஒரு தகர டப்பாவில் முடிக் கிளிப்புகள். கட்டிலில் அன்று விரித்த மாதிரியே போர்வை. அது எனக்கு எப்போதும் பெரிய ஆறுதலாக இருந்தது. உலகத்தின் இந்த மூலையில் எனக்கென்று ஓர் இடம் காத்திருக்கிறது என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆறாம் நாள் அந்த அறையைத் திறந்து, நடுவில் உட்கார்ந்துவிட்டேன். எதையும் எடுக்க முடியவில்லை. சிட்னியில் வேலை பார்க்கும் மகள் ரீனாவுக்கு வீடியோ கால் போட்டேன். கடைசியாக ஒருமுறை அவளும் பார்க்கட்டும் என்று. ரீனா இந்த வீட்டுக்கு வந்தது நான்கு தடவை. அவளுக்கு ஞாபகம் இருப்பது குளியலறைத் தவளை மட்டும். அவள் தமிழ் ஒரு மாதிரி தத்தித் தத்தி வரும்.

போனைச் சுற்றிக் காட்டிக்கொண்டே போனேன். அறை, நடை, அம்மையின் கட்டில் கிடந்த ஹால்.

"அம்மா, அந்தச் சின்ன கட்டில் யாருக்கு?" என்று கேட்டாள். அம்மை படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், நடையில், சுவரோரமாக ஒரு கயிற்றுக் கட்டில்.

"பெரியம்மாவுக்கு."

"பெரியம்மா அங்கேயா தூங்குது? அது ரூம் இல்லையே. போற வழி."

"அம்மைக்கு ராத்திரி ஒத்தாசைக்கு எந்திரிக்கணும்லா, அதான்."

"ஆனா பாட்டி இறந்து ரொம்ப நாள் ஆச்சே. இப்பவும் ஏன் அங்கே தூங்குது? உன் ரூம் சும்மாதானே இருக்கு?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நடையில் நின்றேன். எத்தனை முறை ஊருக்கு வந்து அந்தக் கயிற்றுக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு என் அறைக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட என் மகளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

அக்கா புறவாசலில் வாரியலை அடித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். போய்க் கேட்டேன்.

"அக்கா, நீ ஏன் எனக்க அறையில படுக்கல்ல?"

"அது ஒனக்க அறைல்லா."

"நான் எங்க இருக்கேன், நீ எங்க இருக்க?"

அவள் கல்லில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கால் முட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளு படுத்தேன். அம்மை கெடையில விழுந்த ரெண்டாம் வருசம். எனக்கு நல்ல காய்ச்சல். மத்தியானம், காத்து வரும்லான்னு அங்க போயி படுத்தேன். அம்மை கெடையில இருந்து விளிச்சா. அந்த அறையில ஆருன்னு கேட்டா. நானாக்கும்னு சொன்னேன். அவ வந்தா அவளுக்கு இருக்க எடம் வேணும், போர்வையக் கசக்காதன்னு சொன்னா. எழும்பி வந்துட்டேன்."

"அம்மைக்கு அப்போ புத்தி சரியா இல்லக்கா…"

"எனக்குத் தெரியாதா? அவ மேல எனக்குக் கோவம் கெடயாது. ஆனா பெறவு அங்க போக முடியல்ல. சனிக்கெழம சனிக்கெழம தூத்து, தொடச்சு, போர்வை மாத்துவேன். பூட்டிட்டு வருவேன். அம்மை போன பெறவும் அப்படித்தான்." அவள் குரல் உயரவே இல்லை. "எனக்கு இந்த வீட்டு மேல பாசம் இல்லியான்னு கேட்டேல்லா. இந்த வீட்டுல எனக்குன்னு அடச்சுக்கிட ஒரு கதவு கெடயாது. அறுபது வயசு ஆயாச்சு. அதான் குடுத்துருவோம்னு சொன்னேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "எழும்பு, கரிக்கையோட கண்ணத் தொடைக்காத" என்றாள்.

அன்று மத்தியானம் சாப்பிட்டதும் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என் கட்டிலில் படுக்கவைத்தேன். "ரெண்டு நாள்ல ஏத்தி விடப்போற கட்டிலு, இதுல படுத்து என்னத்துக்கு?" என்று முரண்டு பிடித்தாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

"ஒறக்கம் வரல்லடீ," என்றாள். பிறகு ஆச்சரியமாகச் சொன்னாள். "ஆனா இவ்வளவு காத்தா அடிக்கும் இஞ்ச? எனக்குத் தெரியவே செய்யாது."

6

அதன் பிறகு நான் வாதாடவில்லை. அந்த அறையை நானே காலி செய்தேன். புத்தகங்களை வடசேரிச் சந்தைக்குப் பின்னால் பழைய பேப்பர் எடுப்பவரிடம் கொடுத்தேன். தாவணிகளில் ஒன்றை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு, மற்றதைக் கிழித்துச் சன்னல் கம்பி துடைத்தேன். எட்டாம் நாள் காலையில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். கைரேகை மூன்று தடவை எடுத்தும் கருவியில் பதியவில்லை. சாம்பலும் சோடாவும் தேய்த்து எனக்கும் அக்காவுக்கும் விரல் நுனி வழவழவென்று ஆகியிருந்தது. அங்கே இருந்த ஊழியர், "ரெண்டு பேரும் என்ன வேலை பாக்குதீங்க?" என்று கேட்டார். "வீடு கழுவுதோம்" என்றாள் அக்கா. அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, கையை நன்றாகத் துடைத்துவிட்டு வரச் சொன்னார். நான்காம் தடவை பதிந்தது.

ஒன்பதாம் நாள் விடியற்காலையிலேயே கிணற்றில் இறைக்க ஆரம்பித்தோம். மோட்டார் இருந்தும் அக்கா கயிறும் வாளியும்தான் வேண்டும் என்றாள். நான் இறைத்துக் கொடுக்க, அவள் முன்வாசலிலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தாள். நான் வாரியலால் தள்ளினேன். ஹால், நடை, அம்மை கிடந்த இடம், என் அறை, அடுக்களை. சாமான் இல்லாத வீட்டில் தண்ணீர்ச் சத்தம் பெரிதாகக் கேட்டது. கயிற்றுக் கட்டிலின் கால்கள் இருந்த நான்கு இடத்திலும் சிமென்ட் தரையில் கறுப்பாக வட்டம் விழுந்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. அக்கா மண்டியிட்டுத் தேய்க்கப் போனாள். நான் வாரியலைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துத் தூக்கினேன்.

பத்து மணிக்கு உமா கணவரோடும் மகளோடும் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கால் வைக்கவே மனசு வரலியேக்கா" என்றாள். அக்கா ஒவ்வோர் அறையாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். குளியலறைக் குழாயை அதிகம் முறுக்கக் கூடாது. மழைக்காலத்தில் ஓட்டுப் பக்கம் மூன்றாவது வரிசையில் ஒழுகும், புரட்டாசிக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும். சக்கை நல்ல இனிப்பான வரிக்கைதான், மரத்தை வெட்டிவிட வேண்டாம்.

அந்தப் பெண் குழந்தை என் அறைக்குள் போய்ச் சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது எனக்கு" என்று கத்தினாள். உமாவுக்கு வெட்கமாகப் போயிற்று. "சும்மா இருட்டி" என்றாள்.

அக்கா உள்ளே போனாள். "ஒனக்குத்தான் மக்ளே. எடுத்துக்கோ. உள்பக்கம் கொண்டி கொஞ்சம் பிடிக்கும். தேங்காண்ணெ போட்டு வெச்சிருக்கேன். இப்போ நல்லா விழும், அடச்சுப் பாரு."

அந்தப் பிள்ளை கதவைச் சாத்தி, கொண்டி போட்டு, மறுபடி திறந்து சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுத்தாள்.

7

அக்கா இப்போது ஒழுகினசேரிப் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருக்கிறாள். ஒரு ஹால், ஓர் அறை, சின்ன அடுக்களை. கிணறு கிடையாது, சக்கை மரம் கிடையாது. எனக்கு ஊரில் இனிமேல் காத்திருக்கும் அறையும் கிடையாது. அடுத்த முறை போனால் அவள் ஹாலில் பாய் விரித்துப் படுப்பேன்.  ஆனி பிறந்தால் அந்தக் காற்றுச் சத்தத்துக்கு ஏங்கத்தான் செய்கிறேன். அதை இல்லையென்று சொல்ல முடியாது.

அம்மை படுக்கையில் இருந்த ஒன்பது வருடமும் நான் எப்போது கூப்பிட்டாலும் அக்கா இரண்டாவது மணியில் போனை எடுத்துவிடுவாள். பகலோ, விடியற்காலையோ, எப்போதும் இரண்டாவது மணி. எனக்கு அது பழகிப்போயிருந்தது. இப்போது சனிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டால் எடுப்பதில்லை. முதல் தடவை பயந்துபோய் ஏழெட்டு முறை அடித்தேன். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"எதுக்குட்டி இத்தன விளி? அறைக்குள்ள ஒறங்கிட்டேன். கதவு அடச்சிருந்து, போனு வெளிய கெடந்து. கேக்கல்ல."

இப்போதும் சனிக்கிழமைகளில் அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுகிறேன். மணி அடித்து அடித்துத் தானாக ஓயும் வரை காதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் எடுக்காத வரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான்.